சித்தனகொள்ளாவில் என்னைத் தூக்கி வந்தவர்களுக்கு

பாதாமிக்கும் ஐஹொளேக்கும் நடுவில், மலப்பிரபா ஆற்றை ஒட்டி வாழ்கிற உங்கள் எல்லாருக்கும் கரூரிலிருந்து என் வணக்கம்.

எனக்குக் கன்னடம் எழுத வராது. உங்களுக்குத் தமிழ் தெரியாது. என் தோழி ஒருத்தி இதைக் கன்னடத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், அதை நான் நேரில் கொண்டுவந்து தருவேன். அதற்கு முன்னால் என் ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்க்கும்படி, என் பாஷையிலேயே ஒருமுறை சொல்லிவிட நினைத்தேன். போன தை மாதம் ஒரு மத்தியானம் முழுக்க நீங்கள் என்னைக் கையில் ஏந்தினீர்கள். உங்களில் ஒருவர் பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வலியில் அது தோன்றவே இல்லை. பிறகு நினைத்து நினைத்து வருந்தினேன்.

நாங்கள் நாலு பேர். கரூரில் அமராவதிக் கரையோரமாகக் காலையில் ஓடுகிறவர்கள். இரண்டு வருஷமாகத் தார்ச்சாலையை விட்டுவிட்டு மலையிலும் மண்பாதையிலும் ஓடப் பழகியிருந்தோம். டிரெயில் ரன்னிங் என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் புரிவதில்லை, "காட்டுக்குள்ள எதுக்கு ஓடணும்" என்பார்கள். பாதாமியில் தொடங்கி மகாகூடா, பட்டடக்கல் வழியாக ஐஹொளே வரை, எங்கள் சுற்றுவழிக் கணக்கில் 42 கிலோமீட்டர். போட்டியும் இல்லை, பதக்கமும் இல்லை. நாங்களே போட்டுக்கொண்ட திட்டம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். பாதாமி என்றால் தமிழருக்கு வாதாபி. அகத்தியர் வயிற்றைத் தடவி "வாதாபி ஜீர்ணோ பவ" என்றாரே, அந்தக் கதையின் ஊர். 642இல் பல்லவன் நரசிம்மவர்மன் படையோடு வந்து பிடித்து, 'வாதாபி கொண்டான்' என்று பேர் வாங்கினானே, அந்த ஊர். அகத்தியர் பேரிலுள்ள ஏரிப் பக்கம், செம்பாறையில் அவன் வெட்டி வைத்த கல்வெட்டு இன்னும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. முதல் நாள் சாயங்காலம் அந்தப் பாறைக்கு எதிரே நின்றபோது பெருமை வரவில்லை. கீழே ஏரிப் படியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கிற சத்தம் பாறையில் மோதி இரண்டிரண்டாகக் கேட்டது. இது இவர்கள் ஊர், நாம் வந்து எரித்த ஊர் என்றுதான் தோன்றியது.

முதல் நன்றி, பனசங்கரி கோயில் பக்கத்தில் ரொட்டி விற்கிற அஜ்ஜிக்கு. நாளைக்கு ஓடப்போகிறோம் என்று சைகையில் சொன்னோம். அஜ்ஜி புரிந்துகொண்டாரோ இல்லையோ, எட்டு சோள ரொட்டியை அடுக்கி, நடுநடுவே நிலக்கடலைப் பொடி தூவி, ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்தார். ஆறு ரொட்டிக்குத்தான் காசு வாங்கிக்கொண்டார். கடையில் வாங்குகிற எனர்ஜி ஜெல் எதுவும் என் வயிற்றுக்கு ஒத்துவந்ததில்லை. முப்பது கிலோமீட்டர் தாண்டி அந்த ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டபோது உடம்புக்குள் விளக்கேற்றியது போல இருந்தது. அஜ்ஜி, உங்கள் முடிச்சுத் துணியும் என்னிடம்தான் இருக்கிறது.

விடியும் முன்னே கிளம்பினோம். ஏரியைச் சுற்றிக்கொண்டு பாறைப் படி ஏறி மேட்டுக்குப் போகையில், தலை விளக்கின் வெளிச்சத்தில் கூட வந்த அண்ணன் கப்பே அரபட்டன் என்ற பழைய கால வீரனைப் பற்றிய கல்வெட்டைச் சொன்னார். அதுவும் இந்த ஏரிக்கு மேலுள்ள பாறையில்தான் இருக்கிறது. சுமார் 700ஆம் ஆண்டு. "சாதுகெ சாது, மாதுர்யங்கெ மாதுர்யம்" என்று தொடங்கும் கன்னட வரிகள். நல்லவருக்கு நல்லவன், இனியவருக்கு இனியவன் என்று பொருள். மொழிபெயர்க்கவே வேண்டாத அளவு நமக்குப் பக்கத்துப் பேச்சு. அந்த ஏற்றம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு ஏறினேன், மூச்சுக்கு ஒரு சொல்லாக.

மேட்டில் பாதை நன்றாக இருந்தது. மணற்கல் தகடு தகடாகக் கிடக்கும். காலையில் பனி ஈரம் பட்டு ஷூ வழுக்கும், வெயில் ஏறினால் உப்புத்தாள் போலப் பிடித்துக்கொள்ளும். நடுவில் முள்புதர், ஆட்டுத் தடம். மகாகூடாவில் ஊற்றுத் தண்ணீர் நிறைந்த விஷ்ணு புஷ்கரிணியில் முகம் கழுவினோம். எங்கள் பாட்டில்களை வாங்கிப்போய் நிரப்பித் தந்த பூக்காரத் தம்பதிக்கு நன்றி.

பட்டடக்கல்லில் காவல் வேலை பார்க்கிற ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வேர்வையும் புழுதியுமாக நுழைந்த எங்களை விரட்டாமல் உட்கார வைத்தீர்கள். 2019 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆறு கோயில் வளாகத்துக்குள்ளேயே வந்துவிட்டதை, தண்ணீர் எதுவரை நின்றது என்று உங்கள் மார்பில் கை வைத்துக் காட்டினீர்கள். நாங்கள் தமிழ்நாடு என்றதும் "காஞ்சி, காஞ்சி" என்று சொல்லி விருபாட்சர் கோயிலுக்குள் கூட்டிப்போனீர்கள். இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி கட்டிய கோயில். நூறு வருஷம் கழித்து வாதாபிக்குப் பதிலடி கொடுக்க வந்தவன், காஞ்சியை எரிக்கவில்லை. கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து, அதைக் கன்னடத்தில் அங்கேயே தூணில் வெட்டிவிட்டுப் போனான். காஞ்சிபுரத்துக்கு நான் பத்து தடவை போயிருப்பேன். ஒரு தடவைகூட அந்தத் தூணைத் தேடியதில்லை. அதை உங்கள் ஊரில், உங்கள் வாயால் கேட்டேன் ஐயா.

போகும்போது நீங்கள் வண்டிப்பாதையைக் காட்டி, அதிலேயே போங்கள் என்றீர்கள். நாங்கள் கேட்கவில்லை. போனிலிருந்த வரைபடத்தில் பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது, சித்தனகொள்ளாவை மேலிருந்தே பார்த்துக்கொண்டு இறங்கலாம் என்று ஆசைப்பட்டோம். அந்த முடிவு என்னுடையது. உங்கள் பேச்சைத் தட்டியதற்கு மன்னிப்பும் இந்தக் கடிதத்தில்தான்.

கொள்ளா என்றால் பள்ளம், ஓடை அறுத்த பள்ளத்தாக்கு. சமதரையாகத் தெரிகிற மேடு சட்டென்று வாய் பிளந்துகொள்ளும். மழைக்காலத்தில் அருவி விழுகிற இடம் தை மாதத்தில் சருகு மூடிக் கிடந்தது. அந்தச் சருகுக்கு அடியில் பாறை இருக்கும் என்று நம்பி இடதுகாலை வைத்தேன். பாறை இல்லை, இரண்டு பாறைக்கு நடுவில் சந்துதான் இருந்தது. உடம்பு முன்னால் போக, கால் அங்கேயே நின்றுவிட்டது. கரும்பு முறிவது போல ஒரு சத்தம். போன் தெறித்துக் கீழே எங்கேயோ போய் விழுந்தது. கூட வந்தவர்களின் போனில் சிக்னல் இல்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா, நீங்கள் எந்தப் பக்கமிருந்து வந்தீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. முதலில் மணிச் சத்தம் கேட்டது, அப்புறம் ஆட்டு வாடை, அப்புறம் உங்கள் முகம். குந்தி உட்கார்ந்து என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "அஞ்சபேடவ்வா" என்றீர்கள். நாலு பேருக்கும் கன்னடம் தெரியாது. ஆனால் அந்தச் சொல் எனக்குத் தமிழாகத்தான் காதில் விழுந்தது. அஞ்ச வேண்டா அவ்வா. எங்கள் பாட்டி சொல்கிற அதே சொல். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அது வலிக்காக வந்த அழுகை இல்லை தாத்தா, அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கூப்பிட்ட குரலுக்கு மேட்டுக் காட்டில் கொண்டைக்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த ஐந்து அக்காமார் ஓடிவந்தார்கள். அதில் மூத்தவர் தலைக்குச் சுமையடையாகச் சுற்றியிருந்த பழைய இல்கல் சேலைத் துண்டை அவிழ்த்து, நீளவாக்கில் கிழித்து, ஷூவைக் கழற்றாமலே கணுக்காலோடு சேர்த்துக் கட்டினார். கழற்றியிருந்தால் வீக்கம் இன்னும் ஏறியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அக்கா, நீங்கள் என் முகத்தைத் துடைத்தபோது உங்கள் விரல் என் உதட்டில் பட்டது. புளித்தது. கடலை இலையின் புளிப்பு. நாளெல்லாம் அந்தச் செடியைப் பிடுங்கிய கை. அந்தப் புளிப்பை இப்போது நினைத்தாலும் வாயூறுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் கரூரில் ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். பதினாறு வருஷமாகப் போர்வையும் விரிப்பும்தான் என் கையில் புரள்கின்றன. தாத்தா தோளில் கிடந்த கறுப்புக் கம்பளியை எடுத்து உதறினார். தொரட்டிக் கழியில் கட்டியிருந்த அரிவாளை அவிழ்த்துவிட்டு, அந்தக் கழி ஒரு பக்கம், அக்காமார் கொண்டுவந்த மூங்கில் ஒரு பக்கம் வைத்து, தூளி கட்டுவது போலக் கம்பளியைச் சுற்றி முடிந்தார்கள். என்னை அதில் கிடத்தினார்கள். என் எடை 61 கிலோ. சரிவில் ஆறு பேர் தூக்கினார்கள், இரண்டு பேர் முன்னால் முள்ளை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். கால் ஒவ்வொரு தடவை அசையும்போதும் கண் இருண்டது. வலி தெரியாமலிருக்க நான் விரலால் கம்பளியைத் தடவி இழை எண்ணத் தொடங்கினேன், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. கையால் நூற்ற நூல், ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெலிவு. புளியங்கொட்டைப் பசை போட்டு விறைப்பேற்றிய தறிக் கம்பளி. நடுவில் இரண்டு பாதியை இணைத்த தையல். ஒரு மூலையில் யாரோ சிவப்பு நூலால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனி மேசையில் வந்திருந்தால் "இழை சீரில்லை" என்று எழுதி ஒதுக்கியிருப்பேன். என்னையும் தூக்கினவர்கள் கையையும் சேர்த்து அத்தனை தூரம் தாங்கியது அது. ஒரு இழை விடவில்லை.

டிராக்டர் தம்பிக்கு நன்றி. வைக்கோலைப் பாதி இறக்கிவிட்டு, மீதியில் எனக்கு மெத்தை போட்டுக் கொடுத்தாய். குண்டு குழியில் எல்லாம் முதல் கியரிலேயே வந்தாய். டீசலுக்குக் காசு நீட்டிய எங்கள் அண்ணனின் கையை மடக்கி அவர் சட்டைப்பையிலேயே வைத்தாய்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா, சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்து அட்டையை வெட்டிக் காலுக்கு அணை கொடுத்தீர்கள். 108 வண்டி வரும்வரை எனக்குத் தமிழ் சினிமாப் பாட்டு ஒன்றைப் பாதி வார்த்தை, பாதி ஹம்மிங்காகப் பாடிக் காட்டினீர்கள். வண்டியில் வந்தவர், பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர், கட்டுப் போட்ட டாக்டர், எல்லாருக்கும் நன்றி. வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பில் முறிவு. அறுவை தேவைப்படவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கூட ஓடின மூன்று பேருக்கு என்ன எழுத? ஐஹொளே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே மேகுடி கோயிலில் 634இல் புலவர் ரவிகீர்த்தி இரண்டாம் புலிகேசியைப் பாடிய கல்வெட்டைப் பார்த்துவிட்டு முடிப்பதாகத்தான் திட்டம். நீங்கள் மட்டுமாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சினேன். ஒருத்தர்கூடப் போகவில்லை. இரவு ரயிலில் என் காலை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். வீட்டில் நாற்பது நாள் என்னைக் குளிப்பாட்டிய என் மாமியாருக்கும், பிசியோதெரபி முடியும்வரை ஒரு தடவைகூட "இனிமேல் ஓடாதே" என்று சொல்லாத என் வீட்டுக்காரருக்கும் நேரிலேயே சொல்லிவிட்டேன். போன வாரம் அமராவதிக் கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன்.

தாத்தா, ஒன்று மிச்சமிருக்கிறது. டிராக்டரில் என்னை ஏற்றும்போது கம்பளியை உருவ முடியவில்லை, என் அடியில் இருந்தது. நீங்கள் கையை அசைத்து, இருக்கட்டும் என்றீர்கள். ஆடுகள் உங்களைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன, திரும்பி நடந்துவிட்டீர்கள். அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் குளிர் தாங்காமல் அதைத்தான் போர்த்திக்கொண்டேன். அதே குளிரில் நீங்கள் பட்டியில் எதைப் போர்த்திப் படுத்தீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

கம்பளியை வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். சிவப்பு ஒட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிழிசல் இருந்தது, அதை மட்டும் கறுப்புக் கம்பளி நூல் தேடிப் பிடித்துத் தைத்தேன், வேறெதையும் தொடவில்லை. வருகிற தையில் அதே பள்ளத்துக்கு மேலே, வண்டிப்பாதை வழியாக நடந்து வருகிறேன். மணிச் சத்தம் கேட்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.