அப்பாவுக்கு டிரிப் கட் சொன்னவர்களுக்கு

அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்து டைம் கீப்பர் அண்ணாச்சிக்கும், எதிர்வரிசை டீக்கடை அண்ணாச்சிக்கும், முதியோர் பிரிவு டாக்டரம்மாவுக்கும், எங்கள் தெருவுக்கு மாத்திரைப் பையோடு வரும் அக்காவுக்கும், நர்ஸம்மாவுக்கும், சலூன்காரருக்கும், பேர் தெரியாத இன்னும் சிலருக்கும்,

வணக்கம். அப்பா போய் நேற்றோடு நாற்பத்தோரு நாள். ஒவ்வொருத்தரையும் நேரில் பார்த்துச் சொல்லத்தான் கிளம்பினேன். பேருந்து நிலைய வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே வந்திருந்தால் பேச்சு வந்திருக்காது. அதனால்தான் இந்த மடல். பெயர் போடக்கூடாது என்று நீங்கள் எல்லாருமே சொல்லி வைத்த மாதிரி சொல்லிவிட்டீர்கள். போடவில்லை.

அப்பா கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்தபோது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1997இல் தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்த பிறகும் அவர் கட்டபொம்மன் என்றேதான் சொல்வார். 2006இல் ஓய்வு. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். 2018இல் ஒரு நாள் ஆற்றில் குளிக்கப் போனவர் ஈரத்துண்டோடு தெருமுனையில் நின்று, நம்ம வீடு எது என்று பால்காரரைக் கேட்டிருக்கிறார். வயசானா அப்படித்தான் இருக்கும் என்றார் நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர். அந்த ஒரு வார்த்தையை நம்பி, இது மறதி நோய் என்று தெரியாமலே ஒன்றரை வருஷத்தைத் தொலைத்தோம்.

டைம் கீப்பர் அண்ணாச்சி, உங்களிடமிருந்து தொடங்குகிறேன். 2021 ஆவணியில் விடியற்காலை நாலு மணிக்கு அப்பாவைக் காணவில்லை. நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் தேடி ஓடினால், உங்கள் அறை வாசலில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வண்டிக்கு நிற்கிறார். டிரைவர் இன்னும் வரலை என்று உங்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிவந்து, “அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி பதினஞ்சு வருஷமாச்சு” என்று கையைப் பிடித்தேன். கையை உதறினார். அப்போது நீங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்: “அண்ணாச்சி, உங்க வண்டி பிரேக் டவுன். முதல் டிரிப் கட். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க, சொல்லி அனுப்புதேன்.” அப்பா முகத்தில் இருந்த முறுக்கெல்லாம் இறங்கியது. “அப்பமே சொல்லுததுக்கு என்னவே” என்று கேட்டுவிட்டு என்னோடு நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு எத்தனை விடியற்காலை! டிரிப் கட், டூட்டி மாத்தியாச்சு, டிப்போவில் ஸ்டிரைக், டயர் வரலை. ஒரே காரணத்தை நீங்கள் இரண்டு நாள் தொடர்ந்து சொன்னதில்லை. ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடமும் சொல்லி வைத்திருந்தீர்கள். மூன்று வருஷம் அந்தக் குடும்ப உதவியை ஒரு அரசாங்க ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு செய்திருக்கிறீர்கள். இது எந்த விதியில் வருமோ தெரியாது, யாரும் கேட்கவும் வேண்டாம்.

சாயங்காலம் வேறு கதை. வெயில் இறங்கினால் அப்பாவுக்கு ஒரு தவிப்பு வந்துவிடும். இந்த நோயில் பலருக்கும் அந்தி நேரம் அப்படித்தான் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்கள். அப்பாவுக்கு அந்தத் தவிப்பு கலெக்‌ஷன் குறைகிறது என்பதாக வரும். சட்டைப்பை, தலையணை உறை, அரிசிப் பானை என்று எல்லாவற்றையும் கவிழ்ப்பார். டீக்கடை அண்ணாச்சி, இதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கல்லாவில் இருந்த சில்லறையை மஞ்சள் பையில் போட்டு, “அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் எண்ணித் தாங்க” என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போனீர்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று தனித்தனியாகப் பத்துப் பத்தாக அடுக்குவார். என் பேர் மறந்த கை, காசை மறக்கவில்லை. ஏழரை மணிக்கு நீங்கள் வந்து “கணக்கு சரி, கையெழுத்துப் போடுங்க” என்பீர்கள். போடுவார். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். கடைசிக் காலத்தில் எண்ணிக்கை தப்பத் தொடங்கியது. அப்போதும் கணக்கு சரி என்றுதான் சொன்னீர்கள்.

டாக்டரம்மா, உங்களுக்கு என்ன எழுத. 2022 ஐப்பசியில் நாலே நாளில் அப்பா வேறு ஆளாகிவிட்டார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், மதினியைத் திருடி என்றார், அடிக்கக் கை ஓங்கினார். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மறதி முற்றிப்போச்சு என்று சொல்லி, கையைக் கட்டிலோடு கட்டி, தூங்க ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் நடக்கவும் மறந்து வெளியே வந்தார். இருந்த கொஞ்ச காசும் அங்கேயே போனது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, மறைக்க விரும்பவில்லை.

அரசு மருத்துவமனை முதியோர் பிரிவில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி: “இது மெல்ல மெல்ல வந்துச்சா, திடீர்னு வந்துச்சா?” நாலு நாள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். மறதி நோய் வருஷக்கணக்கில் நகரும். நாலு நாளில் ஒருத்தர் இப்படி ஆனால் உடம்பில் வேறெதையோ தேட வேண்டும், இப்படித் திடீரென்று வரும் புத்திக் குழப்பத்துக்குப் பெயர் டெலிரியம் என்றீர்கள். மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொன்னீர்கள். பதினோரு வகை. நாலு டாக்டர்கள் நாலு காலத்தில் எழுதியது, ஒருத்தரும் ஒன்றையும் நிறுத்தியதில்லை. சிறுநீரில் கிருமி. ரத்தத்தில் சோடியம் 118. 135க்குக் கீழே போகக் கூடாதாம். பிரஷருக்குக் கொடுத்த நீர் மாத்திரை அதை இறக்கியிருக்கிறது. கை நடுக்கத்துக்கு என்று யாரோ சேர்த்த இன்னொரு மாத்திரை, இருக்கிற நினைவையும் கலைக்கும் வகை. சோடியத்தை ஒரேயடியாக ஏற்றக்கூடாது என்று பொறுமையாக ஏற்றினீர்கள். பதினோரு மாத்திரையில் நாலுதான் வீடு திரும்பின. ஒன்பதாம் நாள் அப்பா என்னைப் பார்த்து, “ஏட்டி, டிக்கெட் எடுத்துட்டியா?” என்றார். பழைய மறதி அப்படியேதான் இருந்தது. ஆனால் எங்கள் அப்பா திரும்பி வந்திருந்தார்.

அந்த வார்டில் காத்திருந்தபோதுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே எம்.டி. படிப்பும் வந்திருக்கிறது. குழந்தைக்குத் தனி டாக்டர் இருப்பது போலக் கிழவனுக்கும் வேண்டும் என்று அன்றைக்கே அவர் நினைத்ததன் பலன், எங்கள் வீட்டுக்கு நாற்பத்து நாலு வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. ஐயாவுக்கும் ஒரு கும்பிடு.

காது டாக்டரை மறந்துவிடப் போகிறேன். வருஷக்கணக்காக இஞ்சினும் ஹாரனும் விசிலும் கேட்ட காது. அதில் இருந்த அழுக்கை எடுத்து, மிஷின் வைத்ததும், நாங்கள் மறதி என்று நினைத்ததில் கொஞ்சம் வெறும் கேட்காததுதான் என்று தெரிந்தது. மறதி நோய் வரக் காரணமாகலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சொன்ன பதினான்கு விஷயங்களில் காது மந்தமும் ஒன்று என்று பிறகு படித்தேன். பத்து வருஷம் முன்னாலேயே காட்டியிருக்க வேண்டும். அது எங்கள் தப்பு.

மாத்திரை அக்காவுக்கு: மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது டிவியில் பார்த்துவிட்டு, இதெல்லாம் நம்ம தெருவுக்கு எங்கே வரப்போகுது என்று சேனலை மாற்றினவள் நான். மன்னிக்க வேண்டும். பிரஷர் பார்க்க அப்பா கையைத் தரமாட்டார் என்றதும், முதலில் உங்கள் கையில் பட்டையைச் சுற்றிக் காட்டினீர்களே, அது யார் சொல்லிக் கொடுத்தது? உங்களோடு வந்த பிசியோ தம்பிக்கும் நன்றி. கட்டிலில் இருந்து வாசல் வரைக்கும் நடக்க வைக்க அவன் கண்ட வழி, ஊர் பேர் சொல்வது. ஒரு எட்டு வைத்தால் கல்லிடைக்குறிச்சி. அப்புறம் வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலப்பாளையம். ஒரு ஊரை மாற்றிச் சொன்னால் அப்பா நின்று திருத்துவார், பிறகுதான் அடுத்த எட்டு. திருநெல்வேலி ஜங்ஷன் வந்தால் நாற்காலி.

சலூன்காரர் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். குளிக்க மாட்டேன் என்று மல்லுக்கு நிற்கும் மனுஷன், சவரத்துக்கு மட்டும் கழுத்தை நீட்டுவார். தாடியோடு டூட்டிக்குப் போகக்கூடாது அல்லவா.

2023இல் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும், நானே முடியாமல் 14416க்கு அடித்தேன். டெலி மனாஸ், மனசு தாங்காதவர்கள் பேசுவதற்கான அரசாங்க உதவி எண். மறுமுனையில் ஒரு பெண் குரல். அப்பா சீக்கிரம் போய்விடட்டும் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பெண் அதிரவில்லை. “கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கினீங்க?” என்று மட்டும் கேட்டாள். யாரம்மா நீ. நன்றாக இரு.

நர்ஸம்மா, கடைசி நாலு மாதம் நீங்கள்தான் எங்களுக்குத் தைரியம். அப்பாவுக்கு விழுங்க முடியாமல் போனதும், மூக்கில் டியூப் போடாமல் பட்டினி போடுகிறாயா என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். இந்த நிலையில் டியூப் ஆயுளைக் கூட்டுவதில்லை, நெஞ்சில் சளி கட்டுவதையும் தடுப்பதில்லை, கையால் ஊட்டுகிற மட்டும் ஊட்டலாம் என்று அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து விளக்கினீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, கஞ்சியைக் கெட்டியாக்கி, ஒரு கரண்டி இறங்கிய பிறகு அடுத்த கரண்டி. ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைத்தோம். முதுகில் ஒரு புண் வரவில்லை. மார்கழிக் கடைசியில், வீட்டில், தூக்கத்தில் போனார்.

மதினிக்கு நன்றி சொல்லி எழுதினால் சண்டைக்கு வருவாள். துணி மாற்றியதும் துவைத்ததும் பாதி அவள்தான், திருடி என்ற பேரும் அவளுக்குத்தான். அண்ணன் துபாயில் இருந்து பணம் அனுப்பினான். அதுவும் வேண்டியதுதான்.

வீட்டில் ஒரு வாக்கர், பிரிக்காத பெரியவர் டயாப்பர் இரண்டு பாக்கெட், ஒரு காற்று மெத்தை இருக்கின்றன. வேண்டியவர்கள் டைம் கீப்பர் அறையில் சொல்லிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். மெத்தையின் மோட்டார் ராத்திரியில் கொஞ்சம் உறுமும். அடியில் பழைய துணியை மடித்து வையுங்கள், அடங்கிவிடும்.

இப்படிக்கு,
கண்டக்டர் மகள்