சிறை நாடகத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள். சபைக்கு வெளியே உள்ள பலருக்கும் இம்மடல் போகிறது. அவர்களுக்கு எங்கள் வணக்கம்.

ஜெர்மனியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயரின் சிறைவாசத்தை நாடகமாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோவது என்று எங்கள் வாலிபர் சங்கம் முடிவெடுத்தபோது, எதிர்ப்பு வெளியிலிருந்துதான் வரும் என்று எண்ணியிருந்தோம். முதலில் வந்தது சபைக்குள்ளிருந்து. "நம்மவர்களையே ஏன் கெட்டவர்களாகக் காட்டுகிறீர்கள்?" என்று மூப்பர்கள் சிலர் கேட்டார்கள். என்ன செய்வது, சரித்திரம் அப்படி இருக்கிறது! 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய அந்த இளைஞரை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். முட்டுக்கட்டை போட்டவரோ அதே டென்மார்க் கொடியின் கீழ் கோட்டையை ஆண்ட ஆளுநர் ஹாசியஸ். ஊழியம் வளர்ந்தால் வாணிபம் கெடும் என்பது தரங்கம்பாடியை நடத்திய டென்மார்க் வாணிபக் கம்பெனியின் கவலை. நாவிதர் ஒருவரின் விதவை கடன் வழக்கில் சிக்கித் தவித்தபோது ஐயர் அவருக்காகப் பரிந்து பேசினார். ஆளுநரின் பொறுமை அதோடு தீர்ந்தது. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1708 நவம்பரில், ஐயர் கோட்டைச் சிறைக்குள் போனார். நான்கு மாதம் கழித்து வெளியே வந்தவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார், 1711இல் முடித்தார். 1715இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சேறியது.

இதை மறைக்காமல் மேடையேற்றலாம் என்று சொல்லி, வந்த கடிதங்களுக்கெல்லாம் தாமே பதில் எழுதிய எங்கள் ஆயர் ஐயாவுக்கு முதல் நன்றி. அவர் பின்வாங்கியிருந்தால் ஒத்திகையோடு எல்லாம் முடிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சீகன்பால்குக்குத் தமிழில் துணைநின்ற அழகப்பனாக நடிக்க எங்களில் யாருக்கும் நாக்கு வளையவில்லை. கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர், கிறிஸ்தவராகாமலே ஐயருக்குப் பக்கபலமாக இருந்தவர் அழகப்பன். திருநீற்று நெற்றியோடு ஒத்திகைக்கு வந்த ஆசிரியர், "எனக்கு ஒப்பனையே வேண்டாம்" என்றார். எங்கள் உச்சரிப்பைத் திருத்தியவரும் அவரே. ழகரம் வராத எங்கள் சீகன்பால்க் அவரிடம் பட்ட பாட்டைப் பார்த்தபோது, உண்மையான சீகன்பால்க் எவ்வளவு பட்டிருப்பார் என்று தோன்றியது.

ஓர் ஊரில் சில இளைஞர்கள் மேடையை மறித்து, "மதம் மாற்ற வந்தீர்களா?" என்று கேட்டார்கள். நாற்காலியைத் தானே தூக்கிவந்து முன்வரிசையில் போட்டு அமர்ந்த முன்னாள் பஞ்சாயத்து உறுப்பினர் அம்மா, "பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள் தம்பி" என்றார். பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். நாடகம் முடிந்ததும் எங்கள் தம்பி ஒருவன் ஒலிபெருக்கியை வாங்கி, தான் ஏன் இயேசுவை நம்புகிறேன் என்று யாரையும் தாழ்த்தாமல், குரல் நடுங்க நடுங்கச் சொன்னான். அது நாடகத்தில் எழுதியிராத பகுதி. மறித்தவர்களில் ஒருவர் அவனுக்குத் தண்ணீர் நீட்டினார். அவர் பெயர் தெரியாது. இம்மடல் கண்ணில் பட்டால் எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ளட்டும்.

எங்கள்மேல் புகார் போனபோது கட்டணம் வாங்காமல் உடன் வந்து, மதச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவை நிதானமாக எடுத்துச் சொன்ன வழக்கறிஞர் அண்ணனுக்கும், இரு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்ட காவல் அதிகாரிக்கும் நன்றி. ஆளுநரின் அங்கியைப் பழைய திரைச்சீலையில் தைத்துக்கொடுத்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்களுக்கும், இரவில் எங்களை ஏற்றிச்சென்ற வேன் ஓட்டுநருக்கும், கூலி குறைவு என்று தெரிந்தும் வந்த தவில் கலைஞருக்கும் நன்றி.

எதிர்த்த மூப்பர்கள் இன்னும் மனம் மாறவில்லை. ஆயினும் அவர்கள் கேள்வி கேட்டதால்தான் ஹாசியஸுக்கும் நியாயம் சொல்ல நான்கு வரி வசனம் எழுதினோம். அந்தக் காட்சிக்குத்தான் எல்லா ஊரிலும் கூட்டம் அசையாமல் இருந்தது. அவர்களுக்கும் மனப்பூர்வமான நன்றி.

வரவுசெலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ஆளுநரின் அங்கி தேவைப்படும் சபைகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். துவைத்துத் திருப்பித் தந்தால் போதும்.

கர்த்தருடைய பணியில்,
வாலிபர் சங்கச் செயலாளர்