கடலூர் முதுநகர் ஆசாரியின் பேத்திக்கு

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம். தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் தாத்தாவுக்கு வயது 88 என்று போட்டிருந்தார்கள். 92 தான் சரி. 1947-ல் சுதந்திரம் வந்தபோது தனக்கு 15 வயசு, அந்த வருஷம்தான் அப்பா இழைப்புளியைக் கையில் கொடுத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். பேனர் அடிக்கிறவரிடம் யார் பேசினார்களோ, நாலு வருஷத்தைச் சீவித் தள்ளிவிட்டார்கள்.

தாத்தா என்னவெல்லாம் செய்தார் என்று வீட்டில் யாரும் முழுசாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டாய். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் அவர் கைபட்ட கதவைத் தினமும் திறந்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் மாட்டு வண்டிச் சக்கரம், ஏர்க்கலப்பை. கருவேல மரத்தில் ஆரக்கால் செதுக்கித்தான் கை பழகியது. லாரியும் டிராக்டரும் வந்ததும் அந்த வேலை ஓய்ந்தது, அவரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

அவரைப் பெரிய வேலைக்காரர் ஆக்கியது புதுச்சேரிதான். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைப்பதற்கு முன்பே அங்கே வேலைக்குப் போனவர். 20 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள், நடுவில் எல்லையில் சோதனை. உளிப் பையைக் கொட்டிக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் சாய்பலகை அடுக்கிய சன்னல் கதவுகள் இருக்குமே, அதில் உளுத்துப்போன பலகையை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு செருகுவது அவருடைய வேலை. கதவு மொத்தத்தையும் மாற்றினால் கூலி அதிகம் கிடைக்கும். மாற்றமாட்டார். அங்கே அளவெல்லாம் மீட்டர் கணக்கு, இங்கே அங்குலமும் நூலும். ஒன்றை இன்னொன்றாக மாற்றி மனக்கணக்குப் போடுகிற வழக்கமே அவரிடம் இல்லை. இரண்டு அளவுகோல் வைத்திருந்தார், அந்தந்த ஊருக்கு அந்தந்தக் கோல்.

2014 மழையில் புதுச்சேரியில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததே, அப்போது அவருக்கு 80-க்கு மேல். பேச்சுக் கேட்காமல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கேட்டதற்கு, "சன்னலையெல்லாம் யாராவது எடுத்து வச்சாங்களான்னு பாக்கப் போனேன்" என்றார்.

இப்போது அவருடைய கதவைப் பற்றி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கடலூர் உப்புக் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து ஊதும், மரத்தைப் பிளக்கும், தேக்கில் கருப்பு வடு விழும். அதனால் பெரியப்பா (உன் தாத்தா எனக்குப் பெரியப்பா) கதவின் மூட்டுகளில் இரும்பே சேர்க்கமாட்டார், மூங்கில் ஆணிதான். நெடுஞ்சட்டத்தில் துளை, குறுக்குச் சட்டத்தின் நுனியில் அந்தத் துளைக்குள் நுழைகிற கழுந்து. இரண்டையும் மாட்டிவிட்டு ஒரே மூச்சில் ஆணித்துளை போடுவதுதான் பலரும் செய்வது. அவர் நெடுஞ்சட்டத்தில் மட்டும் முதலில் ஆணித்துளை போட்டுக்கொள்வார். கழுந்தைச் செருகி, துளை வழியாக அதில் புள்ளி வைத்து, திரும்ப உருவுவார். பிறகு புள்ளியிலேயே துளை போடாமல், கழுந்து தொடங்குகிற தோள் பக்கமாக அரை நூல் தள்ளிப் போடுவார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதில் பாதி. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நுனி மெலிந்த மூங்கில் ஆணியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டும்போது, இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டுக்கு வரப் பார்க்கும். அந்த இழுப்பில் மூட்டு முனகிக்கொண்டே இறுகும். பசை எதற்கு?

என்றைக்காவது சட்டம் கெட்டால், பின்பக்கமிருந்து ஒரு குச்சியை வைத்துத் தட்டினால் ஆணி வெளியே வந்துவிடும். கதவு சட்டம் சட்டமாகப் பிரியும். "நமக்கப்புறம் வர்ற ஆளும் வேலை செய்யணும்ல" என்பார். தான் பார்க்காத ஒரு தச்சனுக்காக இவ்வளவு யோசித்த மனுஷர், வேலையை ஒப்புக்கொண்ட தேதியில் மட்டும் ஒருநாளும் கொடுத்ததில்லை. அவர் சொன்ன வெள்ளிக்கிழமை எந்த வெள்ளிக்கிழமை என்று வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

அவர்களைச் சமாளித்தது பெரியம்மா. கூலி பேசியதும் பெரியம்மாதான். இவருக்கு வாய் திறந்து காசு கேட்க வராது. சனிக்கிழமைக் கூலியை எண்ணாமல் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு, அதிலிருந்து வெற்றிலைக்குக் காசு கேட்டு நிற்பார். வெளியூரில் தங்கும் வேலை எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் எடுக்கமாட்டார். ராத்திரிச் சாப்பாடு பிள்ளைகளோடு. இதில் மட்டும் தேதியும் நேரமும் தவறியதில்லை. நீ நடை பழகிய நடைவண்டி உன் அப்பா பழகியது, நான் பழகியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சக்கரத்தை மாற்றிக்கொண்டே வந்தார்.

நீ பரீட்சைக்குப் படித்த மஞ்சள் மேசை 'தானே' என்ற புயல் கொடுத்தது. 2011 டிசம்பர் 30 காலையில் அடித்த காற்றில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியுமாகத் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. வாங்க ஆளில்லாமல் கிடந்த பலா மரங்களில் ஒன்றை விலைக்கு எடுத்தார். அறுத்த பலகையின் முனைகளில் சாணி மெழுகி, நடுநடுவே குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் போட்டார். இரண்டு மழைக்காலம் கழிந்தபின்தான் கை வைத்தார். அப்போது நல்ல மஞ்சள். இப்போது பழுப்பேறியிருக்கும், பார். அது அழுக்கு இல்லை, வைரம் பாய்ந்த பலா மரத்தின் நிறமே அப்படித்தான் மாறும். பாலிஷ் போடுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதே.

அப்புறம் ஒரு விஷயம். இது வீட்டில் பேசாதது. ரம்பத்துக்குச் சாணை வைப்பது சின்ன வேலை இல்லை. முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவி, ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக ஒரே அளவில் சாய்க்க வேண்டும். சாய்வு பிசகினால் ரம்பம் மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும், இல்லை கோணலாகப் போகும். பெரியப்பாவின் ரம்பங்கள் வெண்ணெய் மாதிரி அறுக்கும் என்று ஊரில் பேச்சு. அத்தனைக்கும் பல் வைத்தது உன் அத்தை. பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்து, கல்யாணம் ஆகும்வரை அவள்தான். அவர் அதை வெளியே சொன்னதே இல்லை. உன் அப்பாவைப் பட்டறைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், அண்ணனுக்கு ஆர்வமில்லை. ஆர்வத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளை ஒரு சட்டம் இழைக்கக்கூட விடவில்லை. காலம் அப்படி என்று சொல்லிவிடலாம். மூங்கில் ஆணியில் அவ்வளவு தூரம் யோசித்தவருக்கு இது தோன்றவில்லை என்பதை என்னால் அப்படிச் சொல்லித் தாண்ட முடியவில்லை.

அக்காவுக்கு அந்தக் கை இன்னும் இருக்கிறது. போன மாசம் எங்கள் வீட்டில் மழுங்கிக் கிடந்த ரம்பத்தை, பேச்சுக்கு நடுவிலேயே, மடியில் வைத்து ராவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தாத்தாவின் உளிப் பெட்டியைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி ஹாலில் வைக்கலாம் என்று உன் அப்பா சொல்கிறார். பாசத்தில் சொல்கிறார், தப்பில்லை. ஆனால் அது அக்காவுக்குப் போக வேண்டிய பெட்டி. நான் சொன்னால் தம்பி பேச்சு என்று தள்ளிவிடுவார். நீ சொன்னால் கேட்பார். பொங்கலுக்கு வரும்போது பேசு. அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதே, வேண்டாம் என்றுதான் சொல்லுவாள்.

அன்புடன்,
சித்தப்பா