விதையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகும் மலைச்சரிவுகள் தங்களை விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் கதையும் அதுதான்.

மண் சரியாமல் இருக்கக் கான்கிரீட் பூசிய அந்தச் சரிவில் பசுமை வளர எதை விதைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விதையைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்றே சொல்வேன். வெறும் பாறையிலும் கான்கிரீட்டிலும் செடிக்குக் கிடைக்காதவை வேர் பற்றிக்கொள்ள ஓர் இடமும், மழை ஓய்ந்த பின்னும் தங்கும் ஈரமும்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஏறத்தாழ 60 பாகை சாய்ந்த ஒரு கான்கிரீட் முகத்தில் மண், நார், பசை, உரம், விதை எல்லாம் கலந்து குழாய் வழியாகப் பீய்ச்சி அடித்தோம். மூன்று மாதத்தில் பச்சைப்பசேலென்று ஆனது. வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்துப் போனார்கள். அடுத்த பெருமழையில் அந்தப் பசுமை முழுவதும் பாய்போல உரிந்து அடிவாரத்தில் மடிந்து கிடந்தது. அதைப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, கான்கிரீட்டின் வழவழப்பை அச்சு எடுத்ததுபோலத் தட்டையாகப் படர்ந்திருந்தன. ஒரு வேர்கூட உள்ளே இறங்கியிருக்கவில்லை. கலவையைப் பிடித்து நிறுத்த அடித்த கம்பி வலையைச் சுவரோடு ஒட்டி அறைந்ததுதான் எங்கள் பிழை. வலை சில சென்டிமீட்டர் விலகி, கலவையின் நடுவில் புதைந்து நின்றிருந்தால் அந்தப் போர்வையைத் தாங்கியிருக்கும்.

புதுக் கான்கிரீட்டில் ஊறி வரும் நீரின் பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 12-க்கும் மேலே போகும்; அதில் எந்த நாற்றும் கருகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே புகுந்து மேற்பரப்பின் காரத்தைத் தணிப்பதால், இந்த ஒரு விஷயத்தில் தங்கள் பழைய பூச்சு நல்லதே. ஆனால் பழையது என்றால் பின்னால் மண் கரைந்து குடைவு விழுந்திருக்கலாம். சுத்தியலால் தட்டும்போது 'டொக்'கென்று வெற்றொலி கேட்கும் இடங்களைச் சரிசெய்யாமல் மேலே மண்ணை ஏற்றுவது வீண் பாரம். நீர் வடியும் துளைகளைக் கலவை அடைத்துவிடாமல் பார்ப்பது அதைவிட முக்கியம். உள்ளே தேங்கும் நீரின் அழுத்தம் சுவரையே தள்ளிவிடும்.

வெட்டிவேரைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஆழமான மண்ணில் அதன் வேர் 3 மீட்டர் வரை இறங்கும் என்பது உண்மை. பத்து சென்டிமீட்டர் மண்போர்வையில் அந்தக் கணக்குச் செல்லாது. செடிகள் மழைத்துளியின் அடியைத் தாங்கும், மேல்மண் வழிந்தோடுவதைத் தடுக்கும். ஆழத்தில் நழுவும் சரிவைப் பிடிக்க, உள்ளே ஆழமாகச் செருகி இறுக்கும் நங்கூரக் கம்பியும் வடிகாலும்தான் வேண்டும். பெருமரங்கள் வேண்டவே வேண்டாம்: விரிசலில் புகுந்த வேர் பருத்து அதைப் பிளக்கும், காற்றில் ஆடும் மரம் நெம்புகோலாகும். புல்லோடு அவரைக் குடும்பத்துக் குறுஞ்செடிகளைச் சேர்த்து, உரத்தைக் குறைவாக இடுவதே என் வழக்கம். உரம் மிஞ்சினால் புல் தழைத்துக் குறுஞ்செடிகளை நிழலிலேயே கொன்றுவிடும்.

அடுத்த மழைக்குப் பின் அங்கே ஒருமுறை போய் வாருங்கள். எந்தெந்தத் துளைகளில் நீர் வடிகிறது, எங்கே வெற்றொலி கேட்கிறது, எந்த விரிசலில் பாசி தானாகவே பிடித்திருக்கிறது என்று குறித்து அனுப்புங்கள். விதையை அப்போது பேசலாம்.

தங்கள் அன்புள்ள,
பழைய தோழன்