பவளக்காரத் தெரு நினைவுக்கல்: நன்கொடை வேண்டுகோள்

தெருவாசிகளுக்கும் வியாபாரப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நம் தெருவில் பவளம் விற்ற யூத வணிகர்களுக்கான நினைவுக்கல்லை ஆகஸ்ட் 22, சென்னை தினத்தன்று திறப்பதாகச் சொல்லிவிட்டோம். கல்லோ மாமல்லபுரத்துப் பட்டறையில் பாதி வேலையோடு நிற்கிறது. தமிழ் எழுத்து வெட்டியாயிற்று, எபிரேய வரிகள் பாக்கி. மீதிப் பணம் வராமல் உளியைத் தொடமாட்டேன் என்கிறார் ஸ்தபதி. அவர் கேட்பது நியாயம்தான்.

நம் தெருவின் பழமை லேசுப்பட்டதல்ல. 17-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனிலிருந்து வந்த போர்த்துகீசிய யூத வணிகர்கள், மத்தியதரைக் கடல் பவளத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இங்கே தருவித்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கோல்கொண்டா வைரம் வாங்கி அனுப்பினார்கள். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களாக (நகர மன்ற உறுப்பினர்களாக) அமர்ந்தவர்களில் பர்த்தலோமியோ ரோட்ரிக்ஸ் போன்ற யூதர்களும் உண்டு. இந்தத் தெருவில் நகரத்தார் விடுதிகள் வந்ததெல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னர். மின்ட் தெருவில் இருந்த அந்த யூதர்களுடைய பழைய கல்லறைக் கற்கள் இடம் மாறி, இன்று லாயிட்ஸ் சாலையில் ஒரு சின்ன இடுகாட்டில் இருக்கின்றன. 1763-இல் இறந்த யூத வணிகர் சாலமன் பிராங்கோவின் கல்லும் அவற்றில் ஒன்று. அந்தக் கற்களின் படங்களையும் திறப்பு நாளில் காட்சிக்கு வைக்கிறோம்.

கணக்கு இதுதான். கல்லும் எழுத்து வேலையும் ரூ.1,45,000. மேடை ரூ.38,000. படக் கண்காட்சி ரூ.52,000. மொத்தம் ரூ.2,35,000. கைக்கு வந்தது ரூ.1,61,500. துண்டு விழுவது ரூ.73,500.

முதல் நாளே கேட்காமல் ரூ.25,000 தந்த பாத்திரக்கடை ஐயாவுக்கு, தன் பென்ஷனிலிருந்து ரூ.1,000 கொடுத்து, ரசீதுகூட வேண்டாமென்ற ஆசிரியை அம்மாவுக்கு, கல்லை இலவசமாக ஏற்றி இறக்க ஒப்புக்கொண்ட லாரி செட்டுக்காரருக்கு, கூட்டத்துக்குக் கூட்டம் டீ அனுப்பும் மூலைக்கடை அண்ணாச்சிக்குக் குழு கடமைப்பட்டிருக்கிறது. கடவுள் அவர்கள் தொழிலைப் பெருக்கட்டும்.

“யூதருக்கு நாம் ஏன் கல் வைக்கணும்?” என்று சிலர் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களின் பில் புத்தகத்திலும் பவளக்காரத் தெரு என்றுதானே அச்சாகியிருக்கிறது! கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுத்த கைகள்தான் இவை. ஒப்புக்கொண்ட தொகையை இன்னும் தராத பதினோரு பேரின் பெயரைப் பலகையில் எழுதவில்லை, எழுதவும் மாட்டோம். அவர்களுக்கே தெரியும்.

ஆகஸ்ட் 5-க்குள் பொருளாளர் கடையில், மாலை 6 மணிக்கு மேல், பணமாகவோ காசோலையாகவோ தரலாம். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நினைவுக்கல் குழுவினர்