ஆகஸ்ட் 19-க்கு ஒரு மேஜை போட்டு வையுங்கள்

ஊர்தோறும் இருக்கும் புகைப்படக் கலைஞர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், ஸ்டூடியோ நடத்தும் அண்ணன்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கு,

வணக்கம். இந்த மடலை ஏதோ ஒரு சங்கத்தை மனதில் வைத்து எழுதவில்லை. தமிழ்நாட்டில் கேமரா தூக்குகிறவர்கள் கூடும் எல்லாச் சங்கத்துக்கும்தான் எழுதுகிறேன். எனக்கு வயது 26. டெல்டா பக்கம் கல்யாண வேலைக்குப் போகிறேன். முதலில் லைட் பிடித்தேன். அப்புறம் பெண் அறையில் மேக்கப் போடும்போது எடுக்க அனுப்பினார்கள். மேடைப் பக்கம் விட்டது மூன்றாவது வருடத்தில்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். அது புரிய வேண்டுமென்றால் ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வைகாசி மாதம், காலை ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். மேடையில் ட்ரடிஷனல் எடுக்கிறவர் ஒருவர், போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் ஒருவர், இரண்டு வீடியோ, ஓரமாக நான். இடது பக்கம் நின்று தாலி கட்டும் கையை நெருக்கமாக எடுப்பதுதான் என் வேலை. கெட்டிமேளம் ஆரம்பித்தது. ஓமப்புகை கொஞ்சம் விலகியபோது, மேடைக்குப் பின்னால் பெண்ணின் அப்பாயி நிற்பது தெரிந்தது. எல்லோரும் அட்சதை தூவிக்கொண்டிருந்தார்கள். அவர் தூவவில்லை. ஒரு கை தூணைப் பிடித்திருந்தது. மறு கை மூடியபடி நெஞ்சோடு இருந்தது. விரல் இடுக்கில் இரண்டு மூன்று மஞ்சள் அரிசி வெளியே தெரிந்தது. தூவ மறந்தாரா, தூவ மனம் வரவில்லையா, எனக்குத் தெரியாது. கேமராவை அந்தப் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்தேன். ஒன்றே ஒன்று. "ஏய், தாலி, தாலி!" என்று யாரோ கத்தினார்கள். திரும்புவதற்குள் மூன்றாம் முடிச்சும் விழுந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். சொன்ன வேலையைச் செய்யவில்லை. மற்ற கேமராக்களில் தாலி கட்டும் படம் இருந்ததால் ஆல்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் திட்டு வாங்கத்தான் வேண்டும். வாங்கிய திட்டு வேறு மாதிரி இருந்தது. பந்தி நடக்கும்போது என் கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்த ஸ்டூடியோ அண்ணன், பெண் வீட்டார் நாலு பேர் நிற்கும்போதே சொன்னார்: "உனக்குக் கண்ணே இல்லம்மா. பேசாம ஆல்பம் டிசைனிங்ல போய் உட்காரு."

வீட்டுக்கு வந்து கேமராவைப் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். ஏழு மாதம் திறக்கவில்லை. ராத்திரி போனில் மற்றவர்கள் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். ஒவ்வொன்றும் "உனக்கு வராது" என்று சொல்வது போலவே இருக்கும். வீட்டில் வரன் பார்க்கலாமா என்று கேட்டார்கள். சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

விற்றுவிடலாம் என்று கேமராவை வெளியே எடுத்தபோது லென்ஸுக்குள் பூஞ்சை. சிலந்தி நூல் மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே படர்ந்திருந்தது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு இருட்டில் பூட்டி வைத்தால் பூஞ்சை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. கேமரா சர்வீஸ் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பிலிம் காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். லென்ஸைக் கழற்றிக்கொண்டே, "இதுல என்னம்மா எடுத்த?" என்றார். கார்டில் அந்தக் கல்யாணம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "36 படம் மேக்ஸி சைஸ்ல பிரிண்ட் போட்டுக்கிட்டு நாளைக்கு வா" என்றார். ஏன் 36 என்று கேட்டதற்கு, "ஒரு ரோல் அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் கடைக் கண்ணாடி மேஜையில் அத்தனையையும் வரிசையாகப் பரப்பினார். முதல் பத்து நிமிடம் பேசவே இல்லை. இருபது படங்களுக்கு மேல் கவிழ்த்து வைத்தார். மீதியில் சிலவற்றை இடம் மாற்றினார். ஒரு படத்தில் மணப்பெண்ணின் தலைக்குப் பின்னால் குழல் விளக்கு கொம்பு மாதிரி முளைத்திருப்பதைக் காட்டி, "அரை அடி இடது பக்கம் நகர்ந்திருந்தா போச்சு" என்றார். கடைசியில் அப்பாயி படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு அடுத்த படம் எங்கே?"

"இல்லைங்க. ஒண்ணுதான் எடுத்தேன்."

"ஏன் நிறுத்தின?"

பதில் சொல்ல முடியவில்லை. தாலியைக் காரணம் சொல்லலாம். ஆனால் மேஜையில் கிடந்த மற்றப் படங்களைப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. எங்கெல்லாம் எதையாவது உருப்படியாகப் பார்த்திருந்தேனோ, அங்கெல்லாம் ஒரே ஒரு படத்தோடு கிளம்பியிருந்தேன். யாரும் கேட்காத மேடை அலங்காரம் பதினோரு படம் இருந்தது. கண் பார்த்துவிட்டது; மனசுதான் "இதெல்லாம் ஒரு படமா" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. என் சந்தேகம் அந்த மேஜையில் எண்ணிப் பார்க்கிற மாதிரி கிடந்தது. அன்றைக்குத்தான் அது எனக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

அவர்தான் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரோதியா லாங்கேயைப் பற்றிச் சொன்னார். 1936 மார்ச். கலிபோர்னியாவில் ஒரு மாத வேலை முடித்து, கேமராவெல்லாம் மூட்டை கட்டி, மழையில் காரோட்டி வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் என்று ஒரு பலகை. நிற்காமல் தாண்டிப் போகிறார். திரும்பலாமா, வேண்டாமா, எடுத்ததுதான் நிறைய இருக்கிறதே என்று தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு 20 மைல் போய்விடுகிறார். அப்புறம் வண்டியைத் திருப்புகிறார். முகாமில் பசியோடு பிள்ளைகளை அணைத்து உட்கார்ந்திருந்த ஒரு தாயை, ஒரே திசையிலிருந்து நெருங்கி நெருங்கி எடுக்கிறார். பத்து நிமிட வேலை. 1930-களில் அமெரிக்காவில் வந்த பொருளாதார வீழ்ச்சியின் முகமாக உலகம் இன்றும் பார்ப்பது, அதில் மிக நெருங்கி எடுத்த படத்தைத்தான். அவ்வளவு பெரிய ஆளுக்கே 20 மைல் தூரம் தயக்கம் இருந்திருக்கிறது. பெரியவர் சொன்னது ஒன்றுதான்: "அந்தம்மா ஒண்ணோட திரும்பலை பாரு."

இரண்டு வாரம் கழித்து ஒரு காதுகுத்துக்குப் போனேன். மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையை எல்லோரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். அப்புறம் மாமன்காரர் தன் கைக்குட்டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நிற்பதைப் பார்த்தேன். பதினான்கு படம் எடுத்தேன். பதின்மூன்று ஒன்றுக்கும் ஆகாது. பதினான்காவதை அந்தக் குடும்பம் பெரிதாக்கிக் கேட்டார்கள்.

அண்ணா, நீங்கள் எல்லோரும் இந்தப் பெரியவர் மாதிரி ஒரு காலத்தில் பிரிண்ட் பார்த்து வளர்ந்தவர்கள். உங்கள் ஆசான் படத்தைக் கிழித்துப் போட்டிருப்பார், ஆனால் எதற்குக் கிழித்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது எங்கள் வயதில் இருப்பவர்களின் படத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கார்டை வாங்குகிறீர்கள், ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுகிறீர்கள், எடிட்டருக்குப் போகிறது. எது தேறியது, எது தேறவில்லை என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை. போனில் விழும் லைக்கை வைத்து எதைக் கற்றுக்கொள்வது?

வருடாவருடம் ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினத்தில் கொடி ஏற்றுகிறீர்கள், மூத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள், ரத்த தானம் செய்கிறீர்கள். எல்லாம் தொடரட்டும். அந்த நாள் எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். டாகுரே என்ற பிரெஞ்சுக்காரரின் படமெடுக்கும் முறையைப் பிரெஞ்சு அரசு வாங்கி, அதன் ரகசியத்தை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் பொதுவில் விளக்கிச் சொன்னது. தெரிந்ததைத் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொன்ன நாள் அது. அதே நாளில் இரண்டு மணி நேரம், ஒரு நீள மேஜை, இளையவர்கள் ஆளுக்கு 36 பிரிண்ட், சுற்றி நீங்கள். இதைத்தான் கேட்கிறேன். சரிப்பட்டு வந்தால் மாதம் ஒருமுறை.

திட்டுங்கள், தப்பில்லை. படத்தைத் திட்டுங்கள். விளக்குக் கொம்பைக் காட்டுங்கள், வெளிச்சம் எங்கே செத்தது என்று சொல்லுங்கள். "உனக்குக் கண் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுவிட்டுப் போனவன் திரும்பி வந்து உங்களிடம் எதுவும் கேட்க மாட்டான்.

கூட்டத்தைப் பகலில் வையுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஹோட்டல் ஹாலில் வைத்தால் என்னைப் போன்றவர்கள் எப்படி வருவது? ஸ்டூடியோக்களின் பின் அறையில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அதில் எத்தனையோ பேர் கேமரா தூக்க ஆசைப்பட்டவர்கள்.

இன்னொன்று, பெயர். இரண்டாவது கேமராக்காரர் எடுத்த படத்தை உங்கள் இணையப் பக்கத்தில் போடும்போது அவர் பெயரையும் போடுங்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் அவர் கணவர் பெயரில்தான் அச்சாகின. 1970-ல் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். பத்ம விபூஷண் 2011-ல் வந்தபோது அவருக்கு வயது 97. பெயர் போட ஒரு வரி போதும், செலவும் இல்லை.

வரும் ஆகஸ்ட் 19-க்கு எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு 36 மேக்ஸி பிரிண்டோடு வருகிறேன். கூடவே கேமராவை வைத்துவிட்டு வீட்டில் இருக்கும் இரண்டு பேரையும் அழைத்து வருவேன். மேஜை மட்டும் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
மேடையின் இடது பக்கம் நிற்கும் இரண்டாவது கேமரா