'ஐந்து வருடம் கழித்து?' என்று கேட்பவர்களுக்கு

கடலூர் மாவட்டத்தில் வேலைவாய்ப்பு வழிகாட்டி முகாம் நடத்தும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் தேவனாம்பட்டினத்துப் பையன், வயது இருபத்திரண்டு. கல்லூரிக் கடைசி வருடம் ஒரு முகாமில் படிவம் கொடுத்தார்கள். 'ஐந்து வருடம் கழித்து நான்' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. அருகில் இருந்தவன் 'வி.ஏ.ஓ.' என்று எழுதினான். எட்டிப் பார்த்து நானும் அதையே எழுதினேன். வி.ஏ.ஓ.வுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். கேட்கவில்லை. "தெளிவா இருக்கே" என்று முதுகில் தட்டினார்கள். கோட்டைக் காலியாக விட்ட பெண்ணைத்தான் எழுப்பி நிறுத்தி, "இந்த வயசுல ஒரு குறிக்கோள் வேணாமா?" என்றார்கள்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் கல்லூரிப் பையன்களிடம் இரண்டே விஷயம் பார்த்தார்: தேடிப் பார்த்தானா, ஒன்றைப் பிடித்துக்கொண்டானா. தேடாமலே பிடித்துக்கொள்வது ஒரு நிலை, இன்னும் தேடிக்கொண்டிருப்பது வேறு நிலை. அந்தக் கணக்குப்படி நான் முதல் ரகம். அந்தப் பெண் அநேகமாக இரண்டாவது. தட்டு வாங்க வேண்டிய முதுகு மாறிப்போய்விட்டது.

அப்புறம் இந்த 'ஐந்து வருடம்'. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுத்த வாரமே தூரம்தான். பண்ருட்டிப் பக்கத்து நண்பன் ஒருவன் எதைச் சொன்னாலும் 'தானே புயலுக்கு முன்னாடி', 'தானேவுக்கு அப்புறம்' என்றுதான் சொல்வான். 2011 டிசம்பர் 30 அன்று அவன் தாத்தா வைத்த பலாவும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்து கிடந்தன. அவனிடம் ஐந்து வருடத் திட்டம் கேட்டால் சிரிப்பான். சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள். போன ஆடியில் அதே இடத்தில் பலாக்கன்று நட்டிருக்கிறான், காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்தே.

படிவத்தில் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, 'இதுவரை என்னென்ன செய்து பார்த்தாய்?' என்று கேளுங்கள். துறைமுகத்தில் ஐஸ் உடைத்தது, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியது, செல்போன் கடையில் மூன்று மாதம் நின்றது என்று பக்கம் நிறைய வரும். மேடைக்கு அதிகாரிகளோடு, நடுவில் வேலையை விட்டு வேறு தொழிலுக்குப் போனவர் ஒருவரையும் கூப்பிடுங்கள்.

முடிந்தால் முகாமைத் தடைக்காலத்தில் வையுங்கள். அப்பாக்களும் வருவார்கள்.